ஸ்டுடென் டோலின் வாடிக்கையாளர்

சோஃபியா, மார்ச் 5

அன்புள்ள ராங்கெல் மாமாவுக்கு,

சுட்ட மிளகாய் விழுது உடையாமல் வந்து சேர்ந்தது. ஸ்தோயில் அண்ணா ஜாடியைத் தன் இருக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சோஃபியா பேருந்தை ஓட்டினாராம். இந்தக் கடிதத்தையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் ஒரு போன் வாங்கினால் எல்லோருக்கும் நல்லது.

ஒரு உதவி வேண்டும். இந்தப் பருவத்தில் எங்களுக்கு மென்பொருள் பொறியியல் பாடம். பாதி வகுப்பறை, பாதி குழு வேலை. எங்கள் குழுவில் நான்கு பேர், தலைமை நான். ஒரு நிஜ மனிதர் வந்து ‘எனக்கு இப்படி ஒன்று வேண்டும்’ என்று கேட்க வேண்டும். நாங்கள் செய்து கொடுக்க, அவர் பயன்படுத்திப் பார்த்து ஒப்புதல் கையெழுத்திட வேண்டும். அவரைத்தான் வாடிக்கையாளர் என்கிறோம். ஆளே இல்லாமல் கற்பனையாக ஒருவரைக் காட்டினால் குழு முழுவதற்கும் இரண்டு மதிப்பெண் என்று பேராசிரியை மின்செவா முதல் நாளே சொல்லிவிட்டார். இரண்டு என்றால் தோல்வி. தோற்றால் அரசு கொடுத்த இடம் போய்விடும். காசு கட்டிப் படிக்க அம்மாவால் முடியாது. பெட்டியைக் கட்டிக்கொண்டு நான் ஊருக்கு வந்துவிட வேண்டியதுதான்.

எங்களுக்குக் கிடைத்த ரொட்டிக்கடைக்காரர் பின்வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் வேறு ஆள் வேண்டும். உங்கள் மலைப் பேருந்துக்கு ஒரு ஏற்பாடு செய்யலாம் என்று நினைக்கிறோம்: நிறுத்தத்தில் ஒரு பொத்தான், அழுத்தினால் யார் எங்கே காத்திருக்கிறார் என்று உங்கள் வண்டியில் தெரியும். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் யாராவது ஒருவரைப் பிடித்துத் தாருங்கள்.

ரலிட்சா

பெர்கோவிட்சா, மார்ச் 7

என் கண்ணு ரலி,

போன் வேண்டாம். போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ பாதியில் வெட்டுகிறாய். காகிதத்தை யாரும் வெட்ட முடியாது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் அந்த ஏழு வருடமும் ஆசிரியர்களே என்னிடம் சந்தேகம் கேட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே உன் பாடம் எனக்கு ஒரே மூச்சில் புரிந்துவிட்டது.

ஆள் பிடிக்கப் போனேன். மேல் கிராமங்களில் இருப்பது எட்டோ ஒன்பதோ கிழடுகள். ஒருத்திக்குக் காது கேட்காது. ஒருவர் ‘கையெழுத்தா, போன தடவை கையெழுத்துப் போட்டுத்தான் என் ஆட்டுக்கொட்டகை அரசு கூட்டுப்பண்ணைக்குப் போச்சு’ என்று தடியை எடுத்தார். நிஜ மனிதர்கள் உன் வேலைக்கு உதவ மாட்டார்கள். அதனால் நானே ஒருவரைச் செய்துவிட்டேன்.

பெயர் ஒக்னியான் வெல்சேவ். ஊர் ஸ்டுடென் டோல். என் சாலை அதன் நடுவேதான் போகிறது; அங்கே யாரும் குடியிருந்து பல வருடம் ஆகிறது, அதனால் ‘நான் அவனில்லை’ என்று சொல்ல ஆள் இல்லை. வயது எழுபத்தொன்று. ரயில்வேயில் வேலை பார்த்தவன். இடது கையில் சுண்டுவிரல் கிடையாது, பெட்டி இணைக்கும்போது போனது. வெயில் கொளுத்தினாலும் ஆட்டுத்தோல் குல்லாய். ஆடுகள் வளர்க்கிறான். வெள்ளிக்கிழமை தோறும் இறங்கி வந்து உப்பு வாங்குவான். ஆட்டுக்கு இத்தனை உப்பா என்று கேட்டால் பதில் வராது. பேசும்போது உன் முகத்தைப் பார்க்க மாட்டான், உன் தோளுக்குப் பின்னால் பார்ப்பான். போதுமா? இன்னும் வேண்டுமானால் ஒரு மனைவியையும் போட்டுத்தருகிறேன்.

ஸ்டாங்கா அத்தை இதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: “இப்படி ஒரு ஆளப் பெத்து விட்டிருக்கீங்களே, சோறு யாரு போடுறது?”

உன் மாமன்,
ராங்கெல்

சோஃபியா, மார்ச் 22

அன்புள்ள மாமா,

நான் திட்டித்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது, ஒக்னியான் வெல்சேவின் பெயரைக் கொடுத்துவிட்டோம்.

எங்கள் பாடத்தில் இதற்கென்றே ஒரு பயிற்சி உண்டு. பயன்படுத்தப் போகிறவரைப் பெயர், வயது, பழக்கவழக்கத்தோடு கற்பனை செய்து சுவரில் ஒட்டிவைப்பது. எதைச் செய்தாலும் ‘இது அவருக்கு உதவுமா’ என்று அந்தத் தாளைப் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். அது பயிற்சி மட்டும்தான், அவரிடம் யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. நீங்கள் எழுதியதை அப்படியே அச்சிட்டு எங்கள் அறையில் ஒட்டியிருக்கிறோம். மின்செவா எங்கள் தேவைப் பட்டியலைப் படித்துவிட்டு, “உங்க ஆளு மட்டும்தான் நிஜமா தெரியறாரு. மத்த குழுவெல்லாம் வாடிக்கையாளரக் கண்ணால பாத்ததே இல்ல போலிருக்கு” என்றார். கலோயன் சிரிப்பை அடக்க இருமினான். குழுவில் அவன்தான் கெட்டிக்காரன், பொறுமை இல்லாதவனும் அவன்தான்.

ஸ்தோயில் அண்ணாவிடம் பொத்தான் பெட்டிகள் அனுப்பியிருக்கிறேன். நிறுத்தத்துக்கு ஒன்று. பெரிய திரை உங்கள் வண்டிக்கு; ஆள் ஏறியதும் அதிலுள்ள ‘ஏறிவிட்டார்’ பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும். ஸ்டுடென் டோலிலும் ஒன்றை மாட்டிப் படம் எடுத்து அனுப்புங்கள், கோப்பில் வைக்க வேண்டும். அந்தப் பெட்டி ஒக்னியானின் பெயரில் பதிவாகியிருக்கிறது. சோதனைக்காகப் போட்ட பெயர்களை நிஜ வேலை தொடங்கும் முன் அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் முதல் விதி. அவரை மட்டும் அழிக்கவில்லை. அழித்தால் எங்களுக்கு வாடிக்கையாளர் இல்லை.

இன்னொன்று, கோபப்படாதீர்கள். ஒரு குழுவில் எத்தனை பேரைப் பேருந்து அடித்தால் வேலை நின்றுபோகும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. எங்களுக்கு விடை: ஒருவர். என்னை அடித்தால் போதும்.

ரலிட்சா

பெர்கோவிட்சா, ஏப்ரல் 9

என் கண்ணு,

பேருந்து எதற்கு மாணவர்களை அடிக்கிறது? எந்த மேதை எழுதிய கணக்கு அது? முப்பது வருடத்தில் நான் அடித்தது ஒரு பிளம் மரம் மட்டும். அதுவும் தப்பு மரத்தின் மேல்.

பெட்டிகளை எல்லாம் மாட்டிவிட்டேன். ஒரு பொறியாளன் இரண்டு நாள் செய்வதை நான் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்தேன். திரை என் கண் முன்னால் பச்சையாக ஒளிர்கிறது. ஏறுகிறவர்கள் எல்லாம் விமானத்தில் ஏறுவதுபோல் ஏறுகிறார்கள். காது கேட்காத கிழவிதான் முதலில் அழுத்தினாள். அவள் பெயர் வந்தது. கதவைத் திறந்து “வா, ராணியம்மா” என்றேன். “ராணிக்குப் பல்லு இருக்கும்டா” என்று ஏறினாள். இதற்கு மட்டும் காது கேட்டிருக்கிறது.

இப்போது உனக்கு ஒரு நல்ல செய்தி. வெள்ளிக்கிழமை காலை ஸ்டுடென் டோல் வளைவுக்கு வருமுன் திரையில் எழுத்து வந்தது: ஒக்னியான் வெல்சேவ், காத்திருக்கிறார். நிறுத்தினேன். மூடுபனி. யாரும் இல்லை. கதவைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தேன், பிறகு மூடினேன். வண்டி நகர்ந்ததும் திரை மாறியது: ஏறிவிட்டார்.

அந்த ‘ஏறிவிட்டார்’ பொத்தானை நான்தான் அழுத்த வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். நான் அழுத்தவில்லை. உன் கருவி எனக்கு முன்னால் யோசிக்கிறது. இதைவிட என்ன பாராட்டு வேண்டும்? சந்தையில் எல்லோரிடமும் சொன்னேன்.

ராங்கெல் மாமன்

சோஃபியா, மே 2

மாமா,

விளையாட்டை நிறுத்துங்கள். நான்கு வெள்ளிக்கிழமைகளாக அதே பதிவு எங்கள் கணினியிலும் வருகிறது. கலோயன் நிரலை வரி வரியாகப் படித்துவிட்டான். எங்களில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் சரி சொல்லாமல் உள்ளே போகாது. தானாக ‘ஏறிவிட்டார்’ என்று காட்டும் வரி எங்கும் இல்லை. நீங்கள்தான் அழுத்துகிறீர்கள். அல்லது ஆடு ஏதாவது பெட்டியை முட்டுகிறது. ஸ்டுடென் டோல் பெட்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

இங்கிருந்து எங்களால் எதையும் மாற்ற முடியாது. நேற்றோடு எல்லாம் உறைந்துவிட்டது. இனி மதிப்பீடு முடியும்வரை ஒரு எழுத்தைத் தொட்டாலும் காரணம் எழுதித்தர வேண்டும். என்ன காரணம் எழுதுவேன்?

அதைவிடப் பெரிய சிக்கல். மின்செவா வாடிக்கையாளரை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். ஜூன் மாதம் ஒப்புதல் கையெழுத்து. ‘அவர் வரலேன்னா நான் போறேன்’ என்று சொல்லிவிட்டார். நான்கு பேரின் வருடம் இதில் இருக்கிறது. மாமா, இதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். நான் யோசிக்கிறேன்.

ரலிட்சா

பெர்கோவிட்சா, மே 14

ரலி கண்ணு,

நீ யோசிக்க வேண்டாம். நான் யோசித்து முடித்துவிட்டேன்.

ஒக்னியான் வெல்சேவ் காலமாகிவிட்டான்.

எத்தனை சுலபம் பார். இறந்தவனிடம் எந்தப் பேராசிரியை கையெழுத்துக் கேட்பாள்? அச்சுக்கடையில் மரண அறிவிப்பு அடித்தேன், கறுப்புக் கட்டம், மேலே சிலுவை. ‘அமைதியான மனிதர், உழைப்பாளி, மலையை நேசித்தவர்’ என்று நானே எழுதினேன். அச்சுக்கடைக்காரனுக்கு எழுத்துக் கோக்கும்போது கண் கலங்கியது. படம் போடவில்லை, எவன் முகத்தைப் போடுவது? பேருந்து நிலையக் கதவில் ஒன்று, ரொட்டிக்கடைக்குப் பக்கத்துக் கம்பத்தில் ஒன்று, தேவாலயத்துக்கு எதிரே ஒன்று. அதன் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பேராசிரியையிடம் காட்டு.

நான் எப்படிப்பட்ட ஆளை உருவாக்கியிருக்கிறேன் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். சீட்டுக் கொடுக்கும் மித்ரா கதவில் ஒட்டியதைப் படித்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தாள்.

“பாவம். போன வெள்ளிக்கிழமதான உப்பு வாங்கிட்டு இங்க உக்காந்திருந்தாரு.”

“யாரு?” என்றேன்.

“ஒக்னியான்தான். இந்த வெயில்லயும் குல்லாயக் கழட்டல. நான் கேட்டதுக்கு என் தோளுக்குப் பின்னாடி பாத்துக்கிட்டே தலைய ஆட்டினாரு.”

அறிவிப்பில் குல்லாயைப் பற்றி ஒரு சொல் கிடையாது, ரலி. நான் உனக்கு மட்டும் எழுதியது. அப்படியானால் சந்தையில் நான் எங்கோ சொல்லியிருக்கிறேன், அது ஊரெல்லாம் பரவி, அவளுக்கே பார்த்த மாதிரி ஆகிவிட்டது. திறமை என்றால் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மூன்று பெண்கள் வீட்டுக்கு வேகவைத்த கோதுமை கொண்டுவந்து, அவன் ஆத்மாவுக்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மேலே சர்க்கரை தூவி, சிலுவை போட்டு. ஸ்டாங்கா சாப்பிடவில்லை. “எனக்கு வேணாம். நீங்களே செஞ்ச ஆளு, நீங்களே தின்னுங்க” என்று தட்டை என் பக்கம் தள்ளினாள்.

பேட்டரியைக் கழற்றச் சொன்னாயே, மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஸ்டுடென் டோல் பெட்டியில் நான் பேட்டரி போடவே இல்லை. படம் எடுப்பதற்காகத்தானே மாட்டினேன்? அந்த பேட்டரி அப்போதிலிருந்து ஸ்டாங்காவின் கைவிளக்கில் இருக்கிறது.

உன் மாமன்

சோஃபியா, மே 29

அன்புள்ள மாமா,

உங்களுக்கு முதலில் நன்றி சொல்கிறேன், அப்புறம் திட்டுகிறேன்.

மரண அறிவிப்புப் படத்தோடு மின்செவாவின் அறைக்குப் போனேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இது வேற யாராவது இருக்கும்மா. அதே பேரு. உங்க வெல்சேவ் காலையிலதான் எங்கிட்ட போன்ல பேசினாரு.”

அரைமணி நேரம் பேசினாராம். எங்கள் கருவியைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாராம், திரையில் எழுத்து சிறியதாக இருக்கிறது என்றுகூடக் குறை சொன்னாராம். கையெழுத்துப் போடத் தயார், ஆனால் மலையிறங்கி சோஃபியாவுக்கு வர முடியாது, குழுவிலிருந்து யாராவது ஸ்டுடென் டோலுக்கு வந்து தன் முன்னால் ஒரு தடவை சோதித்துக் காட்ட வேண்டும் என்றாராம். மின்செவாவுக்கு ஒரே சந்தோஷம். “வாடிக்கையாளரோட இடத்துக்கே போயி சோதிக்கறதுதான் சரியான முறை. ரலிட்சா, குழுத்தலைவி நீ. நீ போ” என்றார்.

மாமா, குரலை மாற்றிப் பேச எங்கே கற்றீர்கள்? பேருந்து நிலையத்துப் போனிலிருந்தா? ஒரு பக்கம் அவரைக் கொன்றுவிட்டு இன்னொரு பக்கம் பேசவும் வைத்தீர்களே, இரண்டையும் ஒன்றாகச் செய்ய உங்களால்தான் முடியும். கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம். அடுத்த வாரம், ஜூன் 7 சனிக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். தாளில் நீங்களே ஒரு கையெழுத்தைப் போட்டுத் தந்துவிடுங்கள். இதோடு முடிந்தது.

ரலிட்சா

பெர்கோவிட்சா, மே 31

ரலி,

நான் பேசவில்லை.

நான்தான் பேசினேன் என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா? உன் கடிதத்தை ஸ்டாங்காவுக்கு வாசித்துக் காட்டும்போதே வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அன்று காலை நான் பல்மருத்துவரிடம் இருந்தேன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி வாய் நிறையப் பஞ்சு வைத்து அனுப்பினான். சாயங்காலம்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு ஸ்டாங்கா சாட்சி, அவள் அதை இன்னும் கொண்டாடிக்கொண்டிருக்கிறாள்.

நிலையத்தில் மித்ராவிடம் கேட்டேன். யாரும் போன் எடுக்கவில்லை என்றாள்.

வரும் சனிக்கிழமை வராதே. அந்தத் தாள் யார் கையெழுத்தும் இல்லாமல் கிடக்கட்டும். பேராசிரியையிடம் உண்மையைச் சொல்லிவிடு. வருடம் போனால் போகட்டும்.

நேற்று வெள்ளிக்கிழமை. திரை பேசியது. முதன்முறையாக ‘செல்லும் இடம்’ என்ற கட்டத்திலும் எழுத்து வந்தது. சோஃபியா என்று இருந்தது. பிறகு அது அழிந்து, உன் பெயர் வந்தது. நான் இதில் எதையும் சேர்க்கவில்லை.

மாமன்

சோஃபியா, ஜூன் 4

மாமா,

அவசரம். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்: பெயர் உங்களுடையது, முடிவு என்னுடையது என்று. மின்செவா கேட்டார், “அப்ப நான் யார்கிட்டப் பேசினேன்?”

நான்கு பேருக்கும் இரண்டு போட்டார். கருவியையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆனால் கடைசியில் ஒன்று சொன்னார், அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்: அங்கே உண்மையிலேயே ஒரு மனிதர் இருந்து, அவர் கையெழுத்தோடு வந்தால் மறுபடி யோசிக்கிறேன் என்று.

கலோயன் அதைப் பிடித்துக்கொண்டான். “உங்க மாமா சொல்றது பொய். ஆனா மலையில ஒரு கெழவன் இருக்கான், அவனுக்கு நம்ம கருவி வேணும். பேரு என்னவா இருந்தா என்ன? கையெழுத்து கையெழுத்துதான்” என்றான். நான் தடுத்தேன். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். அவன் சிரித்தான்: “இந்தாளு பிளம் மரத்தையே குத்தம் சொன்ன ஆளு.”

நாளை காலை அவன் அங்கே வருகிறான். ஸ்தோயில் அண்ணாவின் வண்டியில். இந்தக் கடிதமும் அதே வண்டியில்தான் வருகிறது. அண்ணா முதலில் இதை உங்கள் கையில் தரட்டும். அவனை ஏற்றாதீர்கள். ஏறினால் இறக்கிவிடாதீர்கள்.

ரலிட்சா

பெர்கோவிட்சா, ஜூன் 5

ரலி,

கடிதம் என் கைக்கு வந்தபோது கலோயன் ஏற்கெனவே என் வண்டியில் உட்கார்ந்திருந்தான். ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கை. மடியில் தாள்கள்.

“தம்பி, எறங்கிக்க. அங்க யாரும் இல்ல” என்றேன்.

“தெரியும் மாமா, உங்களத்தான் நாங்க நல்லா தெரிஞ்சு வச்சிருக்கோமே” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சு, பேட்டரி, மித்ரா, உன் பெயர் வந்தது. அவன் கேட்டுக்கொண்டு, நல்ல கதைக்குச் சிரிப்பதுபோலச் சிரித்தான். என் வாழ்நாளெல்லாம் நான் சொன்னதை ஊர் நம்பிச் சிரித்தது. இது ஒன்றை நம்ப ஆள் கிடைக்கவில்லை. வேறு பயணிகளும் இருந்தார்கள், நேரமாகிவிட்டது, புறப்பட்டேன்.

திரையை நேற்றே கழற்றிவிட்டேன். அதனால் எந்த எழுத்தும் வரவில்லை. வளைவுக்கு முன்னால் கலோயன் எழுந்து கதவருகே வந்து நின்றான். “இங்கதான், நிறுத்துங்க” என்றான். நான் நிறுத்தவில்லை. “நிறுத்துங்கய்யா, நாலு பேரோட ஒரு வருஷம்” என்று கத்தினான். எனக்குத் தெரியும், அதில் உன் வருடமும் ஒன்று என்று. வேக மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. நிறுத்தத்தைத் தாண்டினோம். அவன் பின்கண்ணாடிக்கு ஓடினான், கண்ணாடியை அடித்தான். பிறகு அடிப்பதை நிறுத்தினான். திரும்பி வந்து உட்கார்ந்தவன், கடைசி ஊர்வரை போய் மறுபடி ஊருக்கு இறங்கி வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. இறங்கும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் கை சில்லென்று இருந்தது. ஸ்தோயிலின் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். அவன் எதையாவது சொன்னால் நம்பு. அவனுக்குச் சேர்த்துச் சொல்லத் தெரியாது.

நான் பக்கக் கண்ணாடியில் பார்த்ததை எழுத மாட்டேன். ஸ்டாங்கா இரண்டு தடவை கேட்டாள், அவளுக்கும் சொல்லவில்லை. அவள் மூன்றாவது தடவை கேட்கவில்லை.

உன் வருடத்தை நான்தான் தாண்டி ஓட்டிவிட்டேன். திட்டு, கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வருடம் காசு கட்டிப் படிக்க வேண்டுமானால் என் தோட்டத்து ராஸ்பெரி மொத்தத்தையும் விற்கிறேன். இது பெருமைக்குச் சொல்வதல்ல, தோட்டமும் அவ்வளவு பெரியது அல்ல. நீ மட்டும் இந்தக் கோடையில் ஊருக்கு வராதே. அம்மாவை அங்கே வரச்சொல்.

நிறுவனத்தில் வேறு தடம் கேட்டேன். ஆள் இல்லை என்றார்கள். மேல் கிராமங்களில் கிழவர்கள் மருந்துக்குக் காத்திருப்பார்கள், வண்டியை நிறுத்தவும் முடியாது. நாளைக் காலையும் ஸ்டுடென் டோல் வழியாகத்தான் போக வேண்டும். வேறு சாலை இல்லை.

ராங்கெல்